வேங்கடத்துக்கு அப்பால் ஒட்டகக் கன்று

தமிழ் கூறும் நல்லுலகத்துக்கு வடவெல்லை வேங்கடம் என்பது தொல்காப்பியப் பாயிரம் காட்டும் செய்தி. திருமலை என்றும் திருப்பதி என்றும் நாம் போற்றும் அம்மலையைக் கடந்தால் மொழி மாறிவிடும். ஆதலால் அதற்கு அப்பாற்பட்ட நிலத்தை மொழிபெயர் தேயம் என்று சங்கச் சான்றோர் வழங்கினர். நாள்தோறும் அரசாங்கக் காகிதங்களை மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சொல்லின்மீது தனிப்பற்று உண்டு. இதனைப் படிக்கும் நேயர்களிலும் பெரும்பாலோர் பிழைப்பை நாடி அம்மலையைத் தாண்டி வந்து, டில்லியிலும் பம்பாயிலும் ஆமதாபாத்திலும் ஜோத்பூரிலும் குடியேறியவர்களே ஆவர். பொருள் தேடி வேங்கடம் கடந்த தலைவனைப் பற்றி மாமூலனார் பாடியபோது நம்மையும் சேர்த்தே பாடினார் என்று கொள்வதில் தவறில்லை.

அவ்வாறு கடந்து வந்தவர்கள் இங்கே புதிதாகக் காணும் விலங்குகளுள் தலையாயது ஒட்டகம். குடியரசு நாளன்று டில்லி அணிவகுப்பில் எல்லைப் பாதுகாப்புப் படையின் ஒட்டகங்கள் அலங்காரத்துடன் நடந்துவரும்போது, நம் குழந்தைகள் கைகொட்டி மகிழ்கின்றனர். இது நமக்கு முற்றிலும் அயலான விலங்கு என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. ஒட்டகத்தின் கன்றுக்கு இன்ன பெயர் இடுக என்று இலக்கணம் வகுத்த மொழி நம்முடையது.

தொல்காப்பியத்தின் மரபியல் விலங்குகளின் இளமைப் பெயர்களையும் ஆண் பெண் பெயர்களையும் வகைப்படுத்துகிறது. யானை, குதிரை, கழுதை, பசு முதலியவற்றின் இளமைக்குக் கன்று என்னும் பெயரை உரிமையாக்கி, ஒட்டகத்தையும் அவ்வரிசையிற் சேர்க்கிறது. ஒட்டகத்தின் பெண்ணைப் பெட்டை எனலாம் என்று மற்றோரிடத்திற் கூறுகிறது. ஒரு விலங்கைத் தொலைவில் நின்று கண்டவனுக்கு அதன் பெயர் ஒன்றே போதும். கன்றுக்கும் பெட்டைக்கும் சொல் தேவைப்படுமாயின், அவ்விலங்கு குடும்பமாக வாழ்வதை யாரோ அருகிலிருந்து கண்டிருத்தல் வேண்டும், அல்லது கண்டவரிடம் கேட்டிருத்தல் வேண்டும். ஒட்டகம் என்னும் பெயரே வடமொழி உஷ்ட்ரத்தோடு தொடர்புடையது என்பர். பெயர் வடக்கிலிருந்து வந்தபோது செய்தியும் உடன் வந்தது போலும்.

சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் எயிற்பட்டினத்துக் கடற்கரையைக் காட்டுகிறார். அலைகள் கொணர்ந்து ஒதுக்கிய மணமுள்ள மரக்கட்டைகள், படுத்துறங்கும் ஒட்டகங்களைப் போலத் தோன்றுகின்றனவாம். கால் மடித்துக் கிடக்கும் ஒட்டகத்தை நேரிற் கண்டவர்க்கே அவ்வுவமையின் பொருத்தம் விளங்கும். இதனினும் வியப்பானது அகநானூற்றின் 245ஆம் பாட்டு. பாடியவர் மதுரை மருதன் இளநாகனார். பாலை வழியின் கொடுமையைச் சொல்லுமிடத்து, சிறு குன்றுகளிற் காய்ந்து கிடக்கும் வெள்ளிய எலும்பு விரைந்து செல்லும் ஒட்டகத்தின் பசியைத் தீர்க்கும் என்கிறார் அவர். இலையும் தழையும் தின்னும் விலங்கு எலும்பைத் தின்னுமோ என்று ஐயுறுதல் இயல்பே. புலவர் கற்பனை என்று நகர்ந்துவிடவும் தோன்றும்.

ஆனால் ஒட்டகம் எலும்பைத் தின்பது மெய். மேய்ச்சலில் பாஸ்வரச் சத்துக் குறையுமிடத்தில் கால்நடைகள் எலும்பைத் தேடிக் கடிக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் சர் ஆர்னால்டு தைலர் என்னும் கால்நடை மருத்துவ அறிஞர் 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாடுகளை வைத்து இதனை ஆராய்ந்தார். வறண்ட நிலத்துப் புல்லில் அச்சத்துப் போதாமையே எலும்பு தின்னும் வழக்கத்துக்குக் காரணம் என்றும், அழுகிய எலும்பிலுள்ள நஞ்சினால் அம்மாடுகள் முடங்கி இறக்கின்றன என்றும் அவர் நிறுவினார். ஒட்டகத்துக்கும் இது பொருந்தும். வளரும் கன்றுகளும் பாலூட்டும் தாய்களுமே இக்குறையால் மிகவும் வருந்துபவை. கன்று மண்ணைத் தின்னத் தொடங்குமாயின் உப்பும் கனிமக் கலவையும் கொடுக்கவேண்டும் என்பது இன்றைய மருத்துவ அறிவுரை. இளநாகனார் மருத்துவர் அல்லர். ஆயினும் கண்டதைக் கண்டவாறு வைத்தார். தீய்ந்த மேய்ச்சல் நிலத்தின் நிலையை ஓர் எலும்புத் துண்டினால் அவர் சொல்லிவிட்டார்.

இத்துணை அறிந்திருந்தும் தமிழ்நாட்டிலோ வேங்கடத்தை ஒட்டிய சித்தூர்ப் பகுதியிலோ ஒட்டகத்தை இனம் பெருக்கி வளர்க்கும் குடி ஏன் தோன்றவில்லை? அப்பகுதி வறட்சிக்குப் பெயர்பெற்ற இராயலசீமையைச் சேர்ந்தது. வேலமும் இலந்தையும் அங்கே உண்டு, வெயிலுக்குக் குறைவில்லை. ஒட்டகம் தெற்கே வராமலும் இல்லை. ஹம்பியிலுள்ள மகாநவமி மேடையின் புடைப்புச் சிற்பங்களில் யானை குதிரைகளோடு ஒட்டகங்களும் செல்லக் காணலாம். 1513ஆம் ஆண்டில் திருமலைக்கு முதன்முறை வந்து வழிபட்ட கிருஷ்ணதேவராயரின் தலைநகரம் அது. எனினும் விசயநகரத்துக்கு ஒட்டகம் ஊர்வலத்துக்கும் சுமைக்கும் உரிய விருந்தாளியே. மைசூர் மன்னர் ஐதர் அலி 1782ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் சித்தூருக்கு அருகில் நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் உயிர் நீத்தார். அவர்தம் படையின் புகழ்பெற்ற விரைவுக்குத் துணைநின்றவை அமிர்தமகால் காளைகள். அப்பகுதியின் வறண்ட மேய்ச்சலுக்கு இயற்கையும் மக்களும் சேர்ந்து கண்ட விடை ஒட்டகமன்று. புங்கனூர்க் குட்டைப் பசு. இரண்டடிக்கு மேல் மூன்றடிக்குள் நிற்கும் அச்சிறு பசு குறைந்த தீவனத்தில் வாழ்ந்து கொழுப்பு மிக்க பாலைத் தருவது. பலமனேரிக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் அவ்வினம் பேணப்பட்டு வருகிறது.

ஒட்டகம் தெற்கே நிலைகொள்ளாமைக்குப் பெருங்காரணம் மழை. வழுக்கும் களிமண்ணில் அதன் மெத்தென்ற பாதம் நிலைகொள்ளாது. அதனினும் கொடியது மழைக்காலத்து ஈ. ஒட்டகத்தைக் கடிக்கும் பெரிய ஈக்கள் சர்ரா என்னும் நோயைப் பரப்புகின்றன. அந்நோய்க் கிருமியை 1880இல் தேரா இஸ்மாயில் கான் என்னும் ஊரில் கிரிபித் இவான்ஸ் என்னும் இராணுவக் கால்நடை மருத்துவர் குதிரைகளின் குருதியிலும் ஒட்டகங்களின் குருதியிலும் கண்டறிந்தார். உயிருக்குக் கேடு செய்யும் இத்தகைய கிருமி கண்டறியப்பட்டது உலகில் அதுவே முதன்முறை. இராஜஸ்தானத்து மேய்ப்பர் அந்நோயைத் திபர்சா என்பர். மூன்றாண்டு நீடிப்பது என்பது பொருள். நோயுற்ற பெட்டை சினை கலைக்கும். பதின்மூன்று மாதம் சுமந்து ஒரே கன்றை ஈனும் விலங்குக்கு அது பேரிழப்பு. நான்கு ஐந்து வயதில் முதற்கன்றை ஈன்று, பின்னர் இரண்டாண்டுக்கு ஒருமுறையே ஈனுவது அதன் இயல்பு. ஆகவே ஒட்டகம் வளர்ப்போன் கவலையெல்லாம் கன்றைப் பற்றியதே.

கன்றுக்கு என்ன தீனி, எந்த வயதில் எவ்வளவு என்று அரசாங்கமே கணக்கெழுதிய காலமும் உண்டு. அக்பரின் அமைச்சர் அபுல் பசல் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் தொகுத்த அயினி அக்பரியில் ஒட்டகத்துக்கென்று தனிப்பகுதிகள் இருக்கின்றன. கட்டின்றித் திரிந்த நிலை மாறி இரண்டரை மூன்று வயதானதும் இளம் ஒட்டகத்துக்கு நாளொன்றுக்கு 2 சேர் தானியம். நான்கு வயதை எட்டும்போது 5 சேர். ஏழு வயது வரை 9 சேர். எட்டு வயதில் 10 சேர். உடலுக்கும் மூக்குக்கும் நல்லெண்ணெய் பூசுவதற்கும், சொறி வாராதிருக்கக் கந்தகமும் மோரும் சேர்ப்பதற்கும் விதிகள் உண்டு. நல்லெண்ணெய்க் குளியல் நமக்கு மட்டுமே உரியது என்று இறுமாந்திருந்தோமே! இவ்வளவு துல்லியமான விதிகளில், இரண்டரை வயதுக்குட்பட்ட கன்றுக்குத் தானிய அளவு கூறப்படவில்லை என்பது கருதத்தக்கது. அவ்வயதுக் கன்று கொட்டிலின் பொறுப்பன்று; தாயின் பொறுப்பு, மேய்ச்சல் நிலத்தின் பொறுப்பு, மேய்ப்பவன் பொறுப்பு. அம்மேய்ப்பவனையும் அந்நூல் பெயர் சொல்லிக் குறிக்கிறது: ராய்பாரி, ஒட்டகத்தின் குணமறிந்த வகுப்பினன்.

அவர்களே இன்று இராஜஸ்தானத்தில் ராயிகா என்றும் குஜராத்தில் ரபாரி என்றும் வழங்கும் மக்கள். ஒட்டகத்தைப் பார்வதி விளையாட்டாகப் படைத்தாள், அதனைக் காப்பதற்கு முதல் ராயிகாவைச் சிவபெருமான் படைத்தார் என்பது அவர்தம் குலக்கதை. மற்றொரு கதை நமக்கு இன்னும் சுவையானது. மார்வாட்டு வீரன் பாபூஜியின் காவியத்தை, நெடிய ஓவியத் திரையின் முன் நின்று போபா என்னும் பாணர் இரவு முழுதும் பாடுவர். அதன்படி, தமையன் மகள் கேலமின் திருமணச் சீராகக் கொடுப்பதற்குப் பாபூஜி இலங்கைக்குச் சென்று இராவணனை வென்று பெட்டை ஒட்டகங்களைக் கவர்ந்து வந்தானாம். முன்னே சென்று வேவு பார்த்தவன் ஹர்மல் என்னும் ராயிகா. வேங்கடத்துக்கு வடக்கே ஒட்டகம் வாழ்கிறது என்று நாம் பாட, அது தெற்கே இலங்கையிலிருந்து வந்தது என்று அவர்கள் பாடுகிறார்கள். அரியதெல்லாம் எல்லைக்கு அப்பாலிருந்தே வருகிறது என்பது இருசாராரின் எண்ணமும் போலும்.

இனி, கன்று வளர்க்கும் முறையைக் காண்போம். கன்றுக்கு டோடியோ என்பது மார்வாட்டு வழக்கு. கன்றுகள் பெரும்பாலும் மார்கழி முதல் பங்குனி வரையுள்ள குளிர்ந்த மாதங்களிற் பிறக்கின்றன. பிறந்த சில மணி நேரத்தில் எழுந்து நிற்கும். முதற்சில வாரங்களில் அதனை மந்தையோடு நெடுந்தூரம் நடத்துவதில்லை. தாய் மேயச் செல்லும்போது, கன்று முள்வேலிக்குள்ளோ மரநிழலிலோ மேய்ப்பர் தங்குமிடத்தில் நிற்கும். மாலையில் தாய் திரும்பி வரும், பால் சுரக்கும். தாயின் மடிக்கு நான்கு காம்புகள். இரண்டை மேய்ப்பன் கறந்துகொள்வான், இரண்டைக் கன்றுக்கு விடுவான். எழுதப்படாத இச்சட்டத்தை மீறுபவனை அவ்வகுப்பினர் மதிப்பதில்லை. பால் விற்பதைக்கூட மகனை விற்பதற்கு ஒப்பாக அவர்கள் கருதிய காலம் ஒன்றிருந்தது.

மாதம் ஒன்று ஆகும்போது கன்று இலைநுனியைக் கடிக்கப் பழகும். அப்போது வெயிலும் ஏறத் தொடங்கும். வளர்ந்த ஒட்டகம் வெயிலைத் தாங்கும் விதத்தை 1953, 1954ஆம் ஆண்டுகளில் நட் ஷ்மிட் நீல்சன் என்னும் அறிஞர் சகாராவில் தங்கி ஆராய்ந்தார். தண்ணீர் கிடைக்காத ஒட்டகம் தன் உடல் வெப்பத்தை விடியற்காலையில் 34 பாகைக்கு இறங்கவிட்டு, பிற்பகலில் 40 பாகைக்கு மேலும் ஏறவிடுகிறது. வியர்த்து நீரை வீணாக்காமல் வெப்பத்தை உடலிலேயே சேர்த்து வைத்து இரவில் வெளியேற்றுகிறது. உடல் எடையில் நாலில் ஒரு பங்கு நீரை இழந்தும் உயிர் வாழும். ஆனால் இவ்வுத்தி பேருடலுக்கே உரியது. பெரிய பானை மெல்லச் சூடேறும், சிறிய கிண்ணம் விரைந்து கொதிக்கும் என்பதை நம் அடுக்களையிலேயே காண்கிறோம். கன்று கிண்ணத்தைப் போன்றது. ஆகையால் கோடையில் விடியற்காலையும் மாலையுமே மேய்ச்சல் நேரம். உச்சிப்பொழுது நிழலில் கிடை. ஒட்டகம் வாரக்கணக்கில் தண்ணீர் குடியாது என்று பொதுவாகச் சொல்வது குளிர்காலத்துப் பசுந்தழை மேய்ச்சலுக்கே பொருந்தும். கோடையில், அதிலும் கன்றுக்குப் பாலூட்டும் பெட்டைக்கு, அடிக்கடி தண்ணீர் காட்டியே ஆகவேண்டும்.

இவ்வேளையில் கன்றைக் காப்பது ஒரு மரம். மார்வாடியில் கேஜ்ரி, தமிழில் வன்னி. சிவாலயங்கள் சிலவற்றில் தலமரமாக நிற்கும் அதே வன்னிதான். ஏனைய மரங்கள் வாடிநிற்கும் கோடையின் தொடக்கத்தில் அது புதுத்தளிர் விடுகிறது. நிழலும் அதுவே, உணவும் அதுவே. அதனோடு கருவேலம், இலந்தை, மணல்மேட்டில் வளரும் போக் என்னும் புதர், உவர்நிலத்தில் வளரும் உப்புச்செடி லானா ஆகியவையும் சேரும். ஒட்டகத்துக்கு மற்றக் கால்நடைகளைக் காட்டிலும் உப்பு மிகுதியாக வேண்டும். லானாவைத் தேடி மேய்ப்பர் மந்தையை ஓட்டுவது அதனாலேயே. ஒட்டகம் புல்லை ஒட்ட மேய்வதில்லை. ஒரு செடியில் இரண்டு வாய், அடுத்த செடியில் இரண்டு வாய் என்று நடந்துகொண்டே தின்னும். எதைத் தின்னலாம், முள்ளுக்கிடையே உதட்டை எவ்வாறு நுழைக்கலாம் என்பதைக் கன்று தாயின் பக்கத்தில் நடந்தே கற்கிறது. கட்டிப்போட்டுத் தீவனம் வைத்து இந்தக் கல்வியைப் புகட்ட இயலாது.

மேய்ச்சலுக்கு நேரம் தராமையின் விளைவை இராணுவ வரலாறு காட்டும். 1878 முதல் 1880 வரை நடந்த இரண்டாம் ஆப்கானியப் போரில் ஆங்கிலேயர் சமவெளியில் திரட்டிய ஒட்டகங்கள் பல்லாயிரக்கணக்கில் மடிந்தன. பகைவர் குண்டுக்கு இரையானவை சில. பகலெல்லாம் பொதி சுமந்து, மேய வேண்டிய வேளையில் நடந்து, பழகாத குளிரில் பழகாத தழையைத் தின்று வீழ்ந்தவையே பல. பஞ்சாபிலும் சிந்துவிலும் அவ்வொட்டகங்களை இழந்த குடிகளுக்கு அடுத்த தலைமுறைக் கன்றும் இல்லாமற் போயிற்று.

மழைக்காலம் வந்தால் புதுச்சிக்கல். வயல்களில் பயிர் நிற்கும். மந்தைக்கு அங்கே இடமில்லை. பாலி மாவட்டத்து ராயிகாக்கள் ஆடி முதல் ஐப்பசி வரை ஆரவல்லி மலையின் கும்பல்கர் காடுகளுக்கு மந்தையை ஓட்டிச் செல்வது வழக்கம். அறுவடையானபின் தரிசு வயல்களுக்கு இறங்குவர். உழவன் தாளை மேயவிட்டு எருவைப் பெற்றுக்கொள்வான். மேற்கே ஜெய்சல்மேர்ப் பக்கத்தில் ஓரண் எனப்படும் தெய்வக் காடுகள் மேய்ச்சலுக்குத் துணை; கோடரி படக்கூடாத காடு, ஆயினும் கால்நடை வாய் படலாம். காடு, தரிசு, ஓரண் ஆகிய மூன்றும் உரிய பருவத்தில் திறந்திருந்தால்தான் ஓராண்டு முழுமையும் கன்று உயிர் பிழைக்கும். ஒன்று அடைபட்டாலும் முறை குலைந்துவிடும்.

மூன்றும் அடைபட்டன என்பதே அண்மைக்கால வரலாறு. 1958இல் தொடங்கிய இராஜஸ்தான் கால்வாய், பின்னாளில் இந்திரா காந்தி கால்வாய் எனப் பெயர் பெற்று, மணல்வெளியை வயலாக்கியது. மக்களுக்கு அது பெருநன்மை, மறுப்பதற்கில்லை. ஆனால் மந்தை நடந்த வழிகள் வேலிக்குள் அகப்பட்டன. கும்பல்கர் 1971இல் வனவிலங்குச் சரணாலயமாயிற்று. அதன்பின் மேய்ச்சல் உரிமை படிப்படியாக மறுக்கப்பட்டது. ஓரண்கள் சிலவற்றின் ஊடே மின்கம்பிகள் செல்கின்றன. 1970களின் இறுதியில் நாட்டில் 11 இலட்சத்தை எட்டியிருந்த ஒட்டகத் தொகை, 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 4 இலட்சமாகவும், 2019இல் இரண்டரை இலட்சமாகவும் குறைந்தது. லாரியும் டிராக்டரும் வந்ததே காரணம் என்பர் பலர். அது பாதி உண்மையே. பயனற்றுப் போன விலங்கை மனிதன் மெல்ல மெல்லக் கைவிடுவான்; நாற்பதாண்டில் நாலில் ஒரு பங்காகக் குறையுமளவுக்கு அது விரைந்து அழிவதற்குத் தீனிக்குறையும் காரணமாதல் வேண்டும் என்பது என் கருத்து.

அரசாங்கம் வாளாவிருக்கவில்லை. 1984இல் பிகானேரில் ஒட்டக ஆராய்ச்சிக்கெனத் தேசிய நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. 2014இல் இராஜஸ்தான் ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்தது. 2015இல் அதனைக் கொல்வதையும் தடையின்றி வெளிமாநிலத்துக்குக் கொண்டுசெல்வதையும் சட்டத்தால் விலக்கியது. நோக்கம் நன்றே. விளைவோ, புஷ்கர்ச் சந்தையில் ஆண் கன்றுக்கு விலையில்லாமற் போயிற்று. விற்க முடியாத கன்றை வளர்ப்பானேன் என்று இளைஞர்கள் மந்தையை விட்டகன்றனர். 2016இல் கன்று ஒன்றுக்கு 10,000 ரூபாயைத் தவணைகளாக வழங்கும் திட்டமும் வந்தது. பணம் வந்தது, புல்வெளி வரவில்லை என்று மேய்ப்பர் குறைகூறினால் அவரை நன்றியற்றவர் என்று சொல்லிவிட முடியாது. ஒட்டகப்பால் விற்பனை இப்போது புதுவருவாயாக வளர்ந்து வருகிறது. அது வளரட்டும், ஆனால் இரண்டு காம்பு கன்றுக்கு என்ற பழைய சட்டம் விலையின் முன் நிற்குமா என்பதைப் பார்க்கவேண்டும்.

குஜராத்தின் கட்ச் கடற்கரையில் காராயி என்னும் ஒட்டக இனம் உண்டு. கழிமுகத்து நீரில் நீந்திச் சென்று, தீவுத்திட்டுகளிலுள்ள அலையாத்தி மரங்களை அது மேயும். பிச்சாவரத்தை அறிந்த நேயர்களுக்கு அக்காடு எத்தகையது என்று விளக்க வேண்டியதில்லை. 2015இல் அது தனியினமாக ஏற்கப்பட்டது. கண்ட்லாத் துறைமுகத்தை அடுத்த பகுதியில் உப்பளங்களுக்காகக் கழிகளை மறித்து அலையாத்திகளை அழித்தபோது, அவ்வொட்டகம் வளர்ப்போரின் சங்கமே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடுத்தது. மறித்த கரைகளை அகற்றி அலை நீரைக் காட்டுக்குள் விடவும், அழிந்த காட்டை மீட்கவும் 2019இல் ஆணை பிறந்தது.